பழைய ஹாக்கி ஸ்கேட்: ஸ்டீல் மட்டும் மாத்தினா போதுமா, பூட்டே போயிடுச்சா?

மூன்றாம்லைன் (மிசிசாகா)

எல்லாருக்கும் வணக்கம். வியாழக்கிழமை ராத்திரி பீர் லீக்ல, அதாவது பெரியவங்க பொழுதுபோக்கா ஆடுற ஐஸ் ஹாக்கி லீக்ல, ஆடுற ஆளு நான். முப்பது தாண்டித்தான் ஐஸ்ல காலே வெச்சேன், அதனால ஆட்டத்தைப் பத்திப் பெருசா எதுவும் எதிர்பார்க்காதீங்க. எடை 90 கிலோவுக்குக் கொஞ்சம் கம்மி. கையில இருக்கிறது பாவர் கம்பெனியோட வேப்பர் வரிசையில ஒரு நடுத்தர விலை மாடல், கிட்டத்தட்ட பத்து வருஷப் பழசு.

போன வாரம் ஷார்ப்பன் பண்ணக் குடுத்தப்போ, கவுண்டர்ல இருந்தவர் ஸ்டீலை, அதான் அடியில இருக்கிற பிளேடை, தடவிப் பார்த்துட்டு, "இன்னும் கொஞ்சநாள்தான் ஓடும், புதுசு போட்டுடுங்க"ன்னார். ரெண்டு காலுக்கும் ஸ்டீல் மாத்த நூறு டாலருக்கு மேல ஆகும் போல. அதைப் போடலாம்னு இருந்தேன். ஆனா கணுக்கால் பக்கம் பூட் தொளதொளன்னு ஆன மாதிரியும் ஒரு சந்தேகம். சுண்டுவிரல் ஓரத்துல எப்பவுமே வலி உண்டு, அது முதல் நாள்லேருந்தே இருக்கு.

டாப் மாடல் எல்லாம் ஆயிரம் டாலரைத் தாண்டுது. அவ்வளவு போட்டா எத்தனை வருஷம் உழைக்கும்? இல்ல, பழசுக்கே ஸ்டீல் போட்டு ஓட்டலாமா?

அகின்கோர்ட்_அப்பா

தம்பி, ஸ்கேட்டை ஒரே சாமான் எண்டு நினையாதேங்கோ. பூட், பூட்டின்ர அடியில ரிவெட் அடிச்ச ஹோல்டர், அந்த ஹோல்டர் பிடிச்சிருக்கிற ஸ்டீல் எண்டு மூண்டு. மூண்டுக்கும் வேற வேற ஆயுள். ஸ்டீல் தேஞ்சா ஸ்டீலை மாத்தலாம். ஹோல்டர் வெடிச்சா ஹோல்டரை மாத்தலாம். என்ர மூத்தவனுக்கு ஒரு ஷொட் வந்து பட்டு ஹோல்டர் வெடிச்சுப் போச்சு. ரிவெட்டைக் கழட்டிப் புதுசு அடிச்சுத் தந்தவை, பேந்து ரெண்டு சீசன் அதிலதான் ஓடினவன். பூட் போனாத்தான் ஸ்கேட் போச்சு.

அதால முதல்ல பூட்டைப் பாருங்கோ. அது நல்லா இருந்தா நூறு டொலர் நல்ல செலவு. இல்லாட்டி அந்தக் காசு வீண்.

உளிக்கல்

ஓர் அரீனாவின் ப்ரோ ஷாப்பில் மாலை நேர வேலை பார்க்கிறேன். ஷார்ப்பனிங், ரிவெட், பூட்டைச் சூடாக்கி இழுத்து அகலப்படுத்துவது எல்லாம் செய்வேன். வீட்டிலேயே பார்க்கக்கூடியவை இவை.

லேஸை முழுதும் உருவிவிடுங்கள், உள்ளே இருக்கும் அடியட்டையையும் எடுத்துவிடுங்கள். கணுக்கால் எலும்புக்கு மேலே பூட்டின் இரு பக்கங்களையும் உள்ளங்கைகளால் அழுத்துங்கள். புது பூட் எதிர்த்து நிற்கும். களைத்துப்போன பூட்டில் இரு பக்கமும் எளிதாக ஒன்றையொன்று தொட்டுவிடும். இடது, வலது இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்; நாம் அதிகம் ஊன்றித் தள்ளும் கால்தான் முதலில் போகும். பிறகு கணுக்காலின் வெளிப்பக்கம் குறுக்காக மடிப்புக்கோடு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு சுருக்கம் பரவாயில்லை. விரலால் தடவும்போது உள்ளே முறிந்த மாதிரி பள்ளம் தட்டுப்பட்டால் அந்த இடத்தில் பூட் இனி தாங்காது.

அடியட்டை இல்லாத நிலையில் உள்ளே ரிவெட் தலைகள் தெரியும். துருவேறி, சுற்றிலும் பழுப்புக் கறை இருந்தால் ஈரம் நெடுநாள் தேங்கியிருக்கிறது என்று அர்த்தம். ஹோல்டரைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆடினால் ரிவெட் மாற்ற வேண்டும், அது சின்ன வேலைதான். அடிப்பாகத்தில் குதிகாலுக்கும் நடுப்பாதத்துக்கும் இடையே விரிசல் இருந்தால் அது பெரிய விஷயம்.

ஸ்டீல் வாங்கும் முன் ஹோல்டரில் பதித்திருக்கும் எண்ணையும் பாருங்கள். 272, 280, 288, 296 என்று மில்லிமீட்டரில் இருக்கும். அதே எண், அதே ஹோல்டர் வகைக்கான ஸ்டீல்தான் பொருந்தும். பாவரின் டூக் எட்ஜ் ஹோல்டரில் ஒரு விசையை இழுத்தால் ஸ்டீல் கையோடு வந்துவிடும். அதற்கு முந்தைய வகையில் அடியட்டையை எடுத்துவிட்டு உள்ளிருந்து திருகைக் கழற்ற வேண்டும். அந்தத் திருகு துருப்பிடித்து இறுகியிருந்தால் கடையிலேயே கொடுத்துவிடுங்கள், வீட்டில் மல்லுக்கட்ட வேண்டாம்.

கவுண்டரில் சொன்னது நியாயமான எச்சரிக்கைதான். ஸ்டீலின் உயரம் குறையக் குறைய பூட் ஐஸை நெருங்கும். கூர்மையான திருப்பத்தில் நன்றாகச் சாயும்போது ஹோல்டரின் ஓரம் ஐஸைத் தொட்டால் பிடி முழுதும் விட்டுப்போய், சட்டென்று கீழே கிடப்பீர்கள்.

மூன்றாம்லைன்

பார்த்தேன். ரிவெட்ல லேசா துரு இருக்கு, ஆனா எதுவும் ஆடலை. நம்பர் 296. வலது பூட்டை அழுத்தினா ரெண்டு பக்கமும் ஒட்டிக்குது. இடது கொஞ்சம் எதிர்க்குது. ரெண்டுலயும் கணுக்கால்கிட்ட கோடு இருக்கு, வலதுல பள்ளமே தெரியுது.

அப்போ போச்சுன்னு முடிவு பண்ணிடலாமா? நடுத்தர பூட்னாலும் வாரம் ஒரு ஆட்டம்தானே ஆடுறேன். இவ்வளவு சீக்கிரம் முறியுமா?

பழைய_டிபென்ஸ்

இப்ப வாற சாமான் எல்லாம் இப்பிடித்தான். நான் கனடாவுக்கு வந்து கொஞ்சக் காலத்தில வாங்கின சி.சி.எம். கொம்பனியின்ர டக்ஸ் ஸ்கேட், தொண்ணூறுகளின்ர சாமான், இண்டைக்கும் கராஜுக்க இருக்குது. நைலோன் துணியும் தோலும். போன பனிக்காலமும் அதிலதான் ஓடினனான். ஆயிரம் டொலர் குடுத்து வாங்கி ரெண்டு வருசத்தில எறியிறதுக்குத்தான் இப்ப கொம்பனியள் செய்யிறாங்கள். பாரம் குறைவாம், அதுக்காக ஆயுளையும் குறைச்சுப்போட்டாங்கள்.

உளிக்கல்

ஐயா சொல்வதில் பாதி சரி. உங்கள் டக்ஸ் நீடித்ததற்குத் தோலும் நைலோனும் மட்டும் காரணமில்லை. அந்தக் கால பூட் முதலில் விறைப்பாக இருக்கும், ஒரு சீசன் ஓடி ஓடித்தான் காலுக்குப் பழகும். அதற்குப் பிறகு மெல்ல மெல்லத் தளரும். எப்போது "போனது" என்று தெளிவாகத் தெரியாது, கால் அதற்குப் பழகிவிடும்.

இன்றைய பூட் வேறு ஜாதி. பாவரின் கர்வ் என்பது பாலிபுரோப்பிலீன் இழைகளை நெய்து சூடாக்கி அழுத்திய தகடு. வேறு பூட்களில் கார்பன் இழை கலப்பு. முதல் நாளே காலைக் கவ்விப் பிடிக்கும், அடுப்பில் வைத்தால் இன்னும் படியும். விறைப்பு நன்றாகவே இருக்கும். ஆனால் தளரும்போது சமமாகத் தளராது, திரும்பத் திரும்ப மடங்கும் ஒரே இடத்தில் முறியும். மெலமைன் தட்டு மாதிரி: வளையவே வளையாது, பிறகு ஒருநாள் கீறிவிடும்.

இன்னொன்று, அன்று விற்றவற்றில் எறியப்பட்டவை இன்று யார் கண்ணிலும் படுவதில்லை. தப்பிப் பிழைத்தது மட்டும்தான் கராஜில் இருக்கிறது.

பழைய_டிபென்ஸ்

சரி, உங்கட தொழில், நீங்கள் சொல்லுங்கோ. ஆனா ஒண்டு. அப்பத்தைய ஆக்கள் பூட்டில குறை சொல்லேல்லை. அந்தக் கால ஹொக்கி நட்சத்திரம் பொபி ஓர் (Bobby Orr) சொக்ஸே போடாமல்தான் ஓடினவர், சாமான் அவருக்குப் பாரமா இருக்கேல்லை.

கோலி_அக்கா (மொன்றியல்)

அண்ணை, பொபி ஓர் சொக்ஸ் போடாமல் ஓடினதை நீங்களே சொல்லிப்போட்டியள். பூட் தோலோட ஒட்டி இருக்கவேணும் எண்டுதான் அது. இன்னொரு ஹொக்கி நட்சத்திரம் போல் கொஃபியும் அளவுக்கு மிஞ்சின சின்னப் பூட்டுக்குள்ள காலைத் திணிச்சு ஓடினதால பேர்போனவர். அவங்கள் எல்லாம் பூட் உறுதியா எண்டு பார்க்கிறதுக்கு முதல், காலோட ஒட்டுதா எண்டுதான் பார்த்தவை.

மூன்றாம்லைன், எனக்கு உங்கட ஸ்டீலிலயும் ஆர்வம் இல்லை, மாடலிலயும் ஆர்வம் இல்லை. ஒரு கேள்விதான். சாதாரண சப்பாத்து என்ன அளவு, ஸ்கேட் என்ன அளவு? சுண்டுவிரல் முதல் நாளிலயிருந்து நோகுது எண்டு எழுதியிருக்கிறியள், அதை ஒருத்தரும் கவனிக்கேல்லை.

மூன்றாம்லைன்

ஷூ 10. ஸ்கேட்டும் 10. வாங்கின கடையில அப்படித்தான் குடுத்தாங்க, போட்டுப் பார்க்கிறப்போ விரலுக்கு நல்லா இடம் இருந்துச்சு, வசதியா இருந்துச்சு. ஆனா ஐஸ்ல குதிகால் கொஞ்சம் தூக்கும், அதனால லேஸை நல்லா இறுக்கிக் கட்டிக்குவேன். மேல லேஸ் கோக்கிற ரெண்டு கண்ணுல ஒருத்தர் பிடிச்சு இழுக்கிற மாதிரி இறுக்குவேன்.

கோலி_அக்கா (மொன்றியல்)

அதுதான் விசயம். உளிக்கல், நீங்களே சொல்லுங்கோ, நான் சொன்னா வாய்ச்சண்டை எண்டுவினம்.

உளிக்கல்

சொல்கிறேன். ஹாக்கி ஸ்கேட் பெரும்பாலானவர்களுக்கு ஷூ அளவைவிட ஒன்று, ஒன்றரை எண் குறைவாக வரும். ஷூ 10 என்றால் 8½, 9 பக்கம் தேட வேண்டும். நிமிர்ந்து நிற்கும்போது பெருவிரல் நுனி முன்மூடியை லேசாக உரச வேண்டும். முழங்காலை மடக்கி ஆடும் நிலைக்கு வந்தால் குதிகால் பின்னால் போய் உட்கார்ந்து, விரல் அந்த உரசலிலிருந்து விலக வேண்டும். கடையில் "வசதி"யாகத் தோன்றும் பூட் பெரும்பாலும் பெரிய பூட்.

இப்போது உங்கள் கணுக்கால் மடிப்புக்கு வருவோம். பூட் நீளமாக இருந்ததால் குதிகால் அதன் குழியில் உட்காரவில்லை. தூக்கியது. தூக்குவதைத் தடுக்க லேஸை இறுக்கினீர்கள். பக்கச்சுவர்கள் நடுவை நோக்கி வலிந்து இழுக்கப்பட்டன, உள்ளே கால் அந்த இடத்தை நிரப்பவில்லை. காலி இடத்தைச் சுற்றி இறுக்கிய சுவர் மடங்கத்தான் செய்யும். அதோடு பூட் மடங்க வேண்டிய இடமும் உங்கள் கணுக்கால் மடங்கும் இடமும் ஒன்றாக இல்லை. ஒவ்வொரு தள்ளலிலும் 90 கிலோ அந்தக் கோட்டின் மேல் விழுந்திருக்கிறது. கால் நிறைந்து உட்கார்ந்திருக்கும் பூட்டில் அதே எடை சுவர் முழுக்கப் பரவும்.

எனவே ஆயிரம் டாலர் பூட் வாங்கியிருந்தாலும் இதே அளவில் இதே இடத்தில் மடிந்திருக்கும், சில சீசன் தள்ளி. பூட் எவ்வளவு நாள் உழைக்கும் என்று என்னிடம் கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது குதிகால் தூக்குகிறதா என்பதுதான்.

சுண்டுவிரல் தனிக் கதை. நீளம் அதிகம், அகலம் குறைவு. அதனால் இரண்டு பக்கமும் சிரமம்.

கோலி_அக்கா (மொன்றியல்)

அகலத்தைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிக் கதைக்கிறன், எங்கட ஆக்களுக்கு இது பயன்படும். 2009இல பெல்ஜிய ஆய்வாளர் சிலபேர் தென்னிந்தியாவில வெறுங்காலோட நடந்து பழகின ஆக்களின்ர பாதத்தை அளந்து, சப்பாத்துப் போட்டு வளர்ந்த ஆக்களோட ஒப்பிட்டவை. வெறுங்கால் ஆக்களுக்கு முன்பாதம் அகலமா இருந்தது. எங்கட வீட்டில அம்மாவின்ர காலைப் பார்த்தாலே தெரியும், விரல் ஒவ்வொண்டும் தன்ர பாட்டில விரிஞ்சு நிக்கும். அங்க வளர்ந்திட்டு இங்க வந்து பூட் வாங்கிற நிறையப்பேருக்கு முன்பக்கம் இறுக்கமும் பின்பக்கம் தொளதொளப்புமா வாறதில அதிசயம் இல்லை. உடனே அளவைக் கூட்டி வாங்கினா சுண்டுவிரல் கொஞ்சம் தப்பும், குதிகால் அலையும். கூட்டவேண்டியது அகலத்தை.

பாவர் 2020இலயிருந்து ஃபிட் 1, 2, 3 எண்டு குடுக்குது. 1 ஒடுக்கமும் ஆழம் குறைவும், 3 அகலமும் ஆழமும். சி.சி.எம்.மில டேப்பர்ட், ரெகுலர், வைட். ட்ரூ பூட் ஒரே ஓடா வார்த்தது, சூடாக்கினா காலைச் சுத்தி நல்லாப் படியும். வினிப்பெக்கில இருந்த வி.எச். கொம்பனியை 2016இல வாங்கித்தான் அவை பூட் செய்யத் தொடங்கினவை. எது திறம் எண்டு கேக்காதேங்கோ. உங்கட காலுக்கு எது எண்டு கேளுங்கோ.

கடையில பென்சிலால ஒரு சோதனை செய்யுங்கோ. காலை உள்ள வைச்சுக் குதியைப் பின்னால தள்ளி, லேஸ் கட்டாமல் நாக்கை முன்னுக்கு இழுத்துவிட்டு, மேலயிருந்து மூண்டாவது கண்ணுக்குக் குறுக்கா பென்சிலை வையுங்கோ. பென்சில் காலில தட்டினா பூட் ஆழம் காணாது. அந்தப் பூட்டை வாங்கினா பாதத்தின்ர மேல்பக்கம் லேஸ் கடிக்கும்.

ஏஜாக்ஸ்_அம்மா

ரொம்ப நாளா படிச்சுட்டு மட்டும் இருக்கேன், இப்போ கேக்க ஒரு சாக்கு கெடச்சுது. பொண்ணுக்கு ஏழு வயசு, இந்த வருஷம்தான் ஹாக்கி சேர்த்திருக்கோம். மாமியார் "வளர்ற புள்ள, ரெண்டு சைஸ் பெருசா வாங்கு"ன்னு ஒரே பிடியா நிக்கிறாங்க. அவங்க ஸ்கூல் யூனிஃபார்ம் வாங்குற கணக்குல சொல்றாங்க, அதுவும் தப்பில்லதான். புதுசு வாங்கலாமா, செகண்ட் ஹேண்டா?

அகின்கோர்ட்_அப்பா

பிள்ளையளுக்கு செகண்ட் ஹாண்ட் திறம் தங்கச்சி. அவை பாரம் இல்லை, பூட் முறியிறதுக்கு முதல் கால் வளர்ந்திடும். அதால பழசா வாறதில பாதி நல்ல பூட்தான். கணுக்கால் பக்கம் மடிப்பில்லாததா, ஸ்டீல் மிச்சம் இருக்கிறதாப் பார்த்து எடுங்கோ.

அளவுக்கு: காலைப் போட்டு, லேஸ் கட்டாமல் விரல் முன்னுக்கு முட்டத் தள்ளச் சொல்லுங்கோ. குதிக்குப் பின்னால உங்கட ஒரு விரல் போகவேணும். ரெண்டு விரல் போனாப் பெரிசு. அரை அளவு கூட இருக்கலாம், அதுக்கு மேல வேண்டாம். ரெண்டு அளவு கூட்டினா பிள்ளை கணுக்காலை உள்ளுக்குச் சாய்ச்சு நடக்கும், அதைப் பார்த்து "இவளுக்குக் கால் பலம் இல்லை" எண்டு ஆரும் சொல்லுவினம். பலம் இருக்கு, பூட்தான் பிடிக்கேல்லை.

மிகவும் விலை கூடினதும் பிள்ளைக்கு வேண்டாம். விறைப்புக் கூடினா அந்தப் பாரத்துக்குப் பூட் மடங்காது, முழங்காலை மடக்க ஏலாமல் நிமிர்ந்து நிக்கும்.

பழைய_டிபென்ஸ்

நாங்கள் பிள்ளையளுக்குத் தடிச்ச சொக்ஸ் ரெண்டு சோடி போட்டு, பெரிய பூட்டிலதான் பழக்கினனாங்கள். ஒண்டும் நடக்கேல்லை.

கோலி_அக்கா (மொன்றியல்)

உங்கட பிள்ளையளிட்டக் கேட்டுப் பாருங்கோ அண்ணை. கால் குளிரினது ஞாபகம் இருக்கும். உள்ள சொக்ஸ் நசிஞ்சா காத்தும் இல்லை, இரத்த ஓட்டமும் இல்லை. மெல்லிசா ஒண்டுதான் போடவேணும்.

மூன்றாம்லைன்

ஒரு குறுக்கு யோசனை. பழைய பூட்டை அடுப்புல வெச்சு பேக் பண்ணினா திரும்ப இறுகாதா? யூடியூப்ல வீட்டு அவன்லயே பண்றாங்க.

உளிக்கல்

வெப்பம் உள்நுரையையும் வெளிச்சுவரையும் இளக்கிக் காலின் வடிவத்துக்குப் படிய வைக்கும். முறிந்த தகட்டை ஒட்டாது. 10 அளவு பூட்டை 9 ஆக்கவும் செய்யாது. கடை அடுப்பில் 80 பாகை செல்சியஸ் அளவில் சில நிமிடம்தான் வைப்போம். மாடலுக்கு மாடல் நேரம் மாறும், அதனால் நிறுவனம் சொன்ன கணக்கை மீற மாட்டோம். வீட்டு அவன் காட்டும் எண்ணும் உள்ளே இருக்கும் சூடும் ஒன்றல்ல. சூட்டுக்கம்பி பக்கத்தில் இருந்தால் ஒரு பக்கம் கருகி, அடிப்பாகத்துப் பசை விட்டுப்போகும். அப்படி வந்த பூட்டைப் பார்த்திருக்கிறேன், அடி தனியாகத் திறந்துகொண்டது.

புதிது வாங்கினால் கடையில் பேக் செய்யும்போது இரண்டு விஷயம். லேஸை மேல்நோக்கி இழுக்காமல் பக்கவாட்டில், வெளிப்புறமாக இழுத்துக் கட்டுங்கள். சூட்டில் கண்கள் பிய்ந்துவரும் ஆபத்து உண்டு. கட்டிய பிறகு உட்கார்ந்தே இருங்கள், எழுந்து நடக்க வேண்டாம். அன்றைக்கே ஐஸில் இறங்கவும் வேண்டாம், ஒரு நாள் விடுங்கள்.

சுண்டுவிரல் இடம் மட்டும் இன்னும் இறுக்கினால் அந்த ஓர் இடத்தைச் சூடாக்கிப் புடைக்க வைக்கலாம். அதற்காக முழு அளவைக் கூட்ட வேண்டாம்.

ஏஜாக்ஸ்_அம்மா

ஒரு விரல் டெஸ்ட் பண்ணினேன். மாமியார் கையாலேயே விரலை விட்டுப் பார்க்கச் சொன்னேன். அவங்க இப்போ அரை சைஸ் கட்சி.

மூன்றாம்லைன்

துரு பத்திச் சொல்லியிருந்தீங்க. நான் ஆட்டம் முடிஞ்சதும் பேக்ல போட்டுட்டு, அடுத்த வியாழன் வரைக்கும் கார் டிக்கியிலேயே விட்டுடுவேன். அதனாலயா?

பழைய_டிபென்ஸ்

ஓம், வேற என்ன. இதில நான் சொல்லுறதைக் கேளுங்கோ, இதில ஒருத்தரும் என்னோட சண்டை பிடிக்க மாட்டினம்.

ஐஸால வெளிய வந்த உடன ஸ்டீலைத் துணியால துடைக்கவேணும், ஹோல்டரோட சேருற இடத்தையும். துணி உறைதான் போடவேணும். நடக்கிறதுக்குப் போடுற கெட்டிப் பிளாஸ்டிக் உறையைப் போட்டபடி வைச்சா உள்ள தண்ணி நிண்டு ஒரு கிழமையில துரு பிடிக்கும். வீட்டை போனா பையைத் திறந்து, லேஸைத் தளர்த்தி, நாக்கை முன்னுக்கு மடிச்சு, அடியட்டையை வெளிய எடுத்து வையுங்கோ. ஹீற்றருக்கு மேல வைக்காதேங்கோ. சும்மா அறைக்க காத்தில காயட்டும். கோடையில கார் டிக்கிக்க விடவே கூடாது, அந்தச் சூடு பசைக்கு எதிரி. என்ர டக்ஸ் இவ்வளவு காலம் இருந்ததுக்கு இதுதான் காரணம் எண்டு நினைக்கிறன், தோலா நைலோனா எண்டது பிறகு.

உளிக்கல்

முழுக்கச் சரி ஐயா. ரிவெட் துருவேறினால் துளை பெரிதாகி ஹோல்டர் ஆடத் தொடங்கும். ஒரு கூடுதல் குறிப்பு: ஸ்டீலின் ஆயுள் ஷார்ப்பன் செய்பவர் கையிலும் இருக்கிறது. சின்ன நெளிவு நீக்க ஒவ்வொரு தடவையும் நிறையத் தேய்த்தால் சீக்கிரம் முடியும். முனையிலும் வாலிலும் அதிகம் எடுத்தால் ஸ்டீலின் வளைவே மாறி, சமநிலை வேறாகிவிடும். ஒரே இடத்தில் கொடுத்து வாங்குங்கள்.

மூன்றாம்லைன், ஸ்டீலின் அடியில் நீளவாக்கில் தேய்க்கும் பள்ளத்தை ஹாலோ என்போம், எண் அதன் வட்ட ஆரம்; உங்கள் எடைக்கு அரை அங்குல ஹாலோ ஆழமாக இருக்கலாம். எட்டில் ஐந்து அங்குலம், அதாவது ⅝ கேட்டுப் பாருங்கள். பள்ளம் ஆழம் குறையும், ஐஸில் வழுக்கி ஓடுவது இலகுவாகும், நிறுத்தும்போது முழங்காலில் இழுப்பும் குறையும். பிடிக்காவிட்டால் அடுத்த ஷார்ப்பனில் பழையபடி மாற்றிக்கொள்ளலாம், செலவு பத்து டாலர் அளவுதான்.

மூன்றாம்லைன்

அப்டேட். ரெண்டு கடை ஏறி இறங்கினேன். அளவுக்கருவியில காலை வெச்சப்போ, ரெண்டு காலும் ஒரே அளவு இல்லைன்னு தெரிஞ்சுது, வலது கொஞ்சம் நீளம். ஃபிட் 2ல பென்சில் காலைத் தட்டிடுச்சு. ஃபிட் 3ல 8½ சரியா உக்காந்துச்சு, சுண்டுவிரல் முதல் தடவையா சத்தமே இல்லை. டாப் மாடல் வேண்டாம்னு கடைக்காரரே சொல்லிட்டார், நடு வரிசையில மேல் பக்கமா ஒண்ணு எடுத்தேன், அறுநூறு டாலருக்குள்ள முடிஞ்சுது. கடையிலேயே பேக் பண்ணினாங்க. எழுந்து நடக்கலை, உளிக்கல்!

முதல் ஆட்டத்துல குதிகால் தூக்கவே இல்லை. ஆனா லேஸைப் பழைய பழக்கத்துல இறுக்கிட்டேன் போல, பாதத்து மேல் எலும்புல வலி.

கோலி_அக்கா (மொன்றியல்)

ஆழம் காணுது எண்டு பென்சில் சொல்லிப்போட்டுது, அப்ப இது லேஸ்தான். முன்னுக்கு விரல் பக்கம் தளர்வா, நடுவில இறுக்கமா, மேல திரும்பவும் கொஞ்சம் தளர்வாக் கட்டுங்கோ. அதோட ஆக மேல் கண்ணை விட்டுப்போட்டுக் கட்டிப் பாருங்கோ. முழங்கால் இன்னும் முன்னுக்கு மடங்கும். இரண்டு மூண்டு கிழமைக்குப் பிறகும் நொந்தா நாக்குக்குக் கீழ ஜெல் துண்டு வைக்கலாம்.

மூன்றாம்லைன்

மேல் கண்ணை விட்டுட்டுக் கட்டினேன், பாதி வலி போச்சு. பழசை என்ன பண்றது? வித்துடவா?

உளிக்கல்

முறிந்த பூட்டை இன்னொருவர் தலையில் கட்ட வேண்டாம். ஸ்டீலில் இன்னும் சில ஷார்ப்பன் மிச்சம் இருக்கிறது அல்லவா? டொராண்டோவின் நேதன் ஃபிலிப்ஸ் சதுக்கம் மாதிரி திறந்தவெளி ஐஸில் மணலும் குப்பையும் கலந்திருக்கும், புது ஸ்டீலின் முனை ஒரே மாலையில் மழுங்கிவிடும். அங்கே சும்மா சுற்றிவர, கூர்மையான திருப்பம் இல்லாமல் ஓட, பழசை வைத்துக்கொள்ளுங்கள்.

அகின்கோர்ட்_அப்பா

அப்பிடியே அந்த 296 ஹோல்டரையும் எறியாதேங்கோ. வெடிப்பு இல்லாட்டி பெடியனுக்கு அடுத்த வருசம் அந்த அளவு வரும், தனிச்செய்தி போடுறன்.